பிடித்த பாம்பை எங்கே விடுவது?

ஐப்பசி மழை இரண்டு நாள் விடாமல் கொட்டி ஓய்ந்த மறுநாள் காலை, சென்னைப் புறநகரான கூடுவாஞ்சேரியில் ஏதாவது ஒரு தெருவில் கூட்டம் கூடியிருக்கும். ஷூ ஸ்டாண்டுக்குப் பின்னாலோ, வாஷிங் மெஷினுக்கு அடியிலோ பாம்பு. தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போயிருக்கும். இல்லையென்றால் பாம்பு பிடிக்கத் தெரிந்த உள்ளூர் இளைஞருக்கு. அவர் நீளமான இரும்புக் கொக்கியோடு வருவார். வாலைப் பிடித்துத் தூக்கி, வாயில் குழாய் பொருத்திய துணிப்பைக்குள் அதைத் தானாகவே நுழைய விட்டு முடிச்சுப் போடுவார். எதிர்வீட்டு மாடியில் நாலு பேர் செல்போனில் படம் எடுப்பார்கள். "காட்டுல கொண்டுபோய் விட்டுடறேன்மா" என்று சொல்லி அவர் வண்டியைக் கிளப்பியதும் தெரு நிம்மதியாகக் கலைந்துவிடும்.

என் கேள்விகள் அந்த இடத்தில்தான் தொடங்குகின்றன. அவர் சொன்ன காடு எங்கே இருக்கிறது? அங்கே போன பாம்பு என்ன ஆகிறது? அது போன பிறகு அந்த ஷூ ஸ்டாண்டுக்குப் பின்னால் வேறெது வருகிறது?

மனித - விலங்கு மோதல் என்றதும் நமக்கு யானையும் சிறுத்தையும் நினைவுக்கு வருகின்றன. முதுமலை, ஆனைமலை போன்ற புலிகள் காப்பகங்களில் இதற்கென்றே உயிரியலாளர்கள் வேலை பார்க்கிறார்கள். ஆனால் இந்தியாவில் ஆண்டுதோறும் மிக அதிகமான உயிர்களைப் பறிக்கும் காட்டுயிர் பாம்புதான். 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் இறந்தவர்கள் ஏறக்குறைய 12 லட்சம் பேர், ஆண்டுக்குச் சராசரி 58,000 என்று 2020இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு கணக்கிட்டது. அதில் பெரும்பகுதி காட்டில் நடக்கவில்லை. வயலிலும் வரப்பிலும், தரையில் பாய் விரித்துப் படுத்த வீட்டுக்குள்ளும் நடந்தது. அந்தக் கணக்கில் பார்த்தால் நந்திவரம் ஏரிக்கும் ரயில் பாதைக்கும் இடையில் கிடக்கும் காலி மனைகள், ஒரு காட்டுயிர் உயிரியலாளர் வந்து வேலை செய்ய வேண்டிய இடம்.

இந்த நிலத்தை முதலில் பார்த்துவிடலாம். ஆதனூர், மண்ணிவாக்கம், ஊரப்பாக்கம், நந்திவரம் எல்லாமே ஏரிப் பாசன ஊர்கள். ஓர் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்கு நீர் போகும். மேற்கே விழும் மழை கடைசியில் அடையாற்றில் சேரும். 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோது இந்த நீர்வழிகளை ஊரே ஞாபகப்படுத்திக்கொண்டது. ஏரிக்குக் கீழே நஞ்செய் இருந்த இடங்கள் இன்று மனைப்பிரிவுகள். பத்து வீட்டுக்கு நடுவே இரண்டு மனை காலியாகக் கிடக்கிறது. அதில் முள்ளும் கோரையும் முளைக்கின்றன. கட்டட இடிபாட்டையும் அங்கேயே கொட்டுகிறோம், மிச்சச் சோற்றையும் அங்கேயே கொட்டுகிறோம். சோற்றுக்கு எலி வருகிறது. இடிபாட்டுக்குள் எலி வளை போடுகிறது. வயல் இருந்த காலத்தில் அந்த எலியைத் தின்ற சாரையும் நல்ல பாம்பும் இப்போதும் அதே வேலையைத்தான் செய்கின்றன. மழையில் வளைக்குள் தண்ணீர் ஏறும்போது மேடான இடம் தேடுகின்றன. அந்த வட்டாரத்தில் மேடான இடம் என்று மிஞ்சியிருப்பது நம்முடைய வாசற்படி.

பாம்பு தன் வட்டாரத்தை அறிந்து வாழும் பிராணி. எந்தக் கல்லிடுக்கில் காலை வெயில் படும், எந்த வளையில் எலி இருக்கும், கோடையில் எங்கே ஈரம் இருக்கும் என்பதெல்லாம் அதற்குத் தெரிந்திருக்கும். அதை இருபது கிலோமீட்டர் தள்ளி ஒரு காப்புக்காட்டின் ஓரத்தில் விட்டால், அந்த அறிவு முழுவதும் ஒரே நாளில் வீணாகிவிடுகிறது. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் கிலுகிலுப்பைப் பாம்புகளுக்கு ரேடியோ கருவி பொருத்திச் செய்த ஆய்வு 1999இல் வெளியானது. இடம் மாற்றி விடப்பட்டவற்றில் பாதிக்கு மேல் செத்துப்போயின. அங்கேயே பிறந்து வாழ்ந்தவற்றில் செத்தது ஏறக்குறைய ஒன்பதில் ஒன்று. ஹாங்காங்கில் குடியிருப்புகளிலிருந்து பிடித்த பச்சை விரியன்களைத் தொலைவில் விட்டுக் கண்காணித்தபோதும் இடம் மாறியவையே அதிகம் மடிந்தன. கர்நாடகத்தின் ஆகும்பேயில் இடம் மாற்றப்பட்ட ராஜநாகம் ஓரிடத்தில் தங்காமல் நெடுந்தூரம் அலைந்தது. இப்படி அலையும் பாம்பு வழியில் எத்தனை சாலைகளையும் எத்தனை வீடுகளையும் கடக்கும்? நம் தெருவில் இருந்த ஆபத்தை வேறொரு கிராமத்தின் தலையில் இறக்கிவிட்டு வந்திருக்கிறோம் என்பதே இதன் பொருள். நம் தெருவிலோ எலி அப்படியே இருக்கிறது. எலி இருக்கும் வரை அடுத்த பாம்புக்கு இடம் காலியாகத்தான் இருக்கும்.

பெரிய விலங்குகளில் இதே தவறு இன்னும் கொடூரமாக வெளிப்பட்டிருக்கிறது. மகாராஷ்டிரத்தின் ஜுன்னர் பகுதியில் கரும்புத் தோட்டங்களுக்குள் சிறுத்தைகள் வாழ்ந்துவந்தன. 2001 முதல் அவற்றைக் கூண்டு வைத்துப் பிடித்துச் சராசரியாக 40 கிலோமீட்டருக்கு அப்பால் காட்டில் விட்டார்கள். அதுவரை ஆண்டுக்குச் சராசரி 4 ஆக இருந்த மனிதர்கள் மீதான தாக்குதல், அதன் பிறகு 17 ஆக ஏறியது. வித்யா ஆத்ரேயா என்ற உயிரியலாளரும் அவர் குழுவினரும் 2011இல் வெளியிட்ட இந்த ஆய்வு, இந்தியக் காட்டுயிர்த் துறையின் சிந்தனையையே திருப்பிப்போட்டது. முன்பின் தெரியாத இடத்தில் விடப்பட்ட, கூண்டுக்குள் அடிபட்டு வெருண்ட சிறுத்தை என்ன செய்யுமோ அதைத்தான் அவை செய்தன.

கூடுவாஞ்சேரியில் சிறுத்தை இல்லை. ஆனால் வண்டலூரைத் தாண்டி பெருங்களத்தூருக்குப் போனால் முதலை இருக்கிறது. நெடுங்குன்றம், சதானந்தபுரம் ஏரிப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு அது பழைய செய்தி. ஊருக்கெல்லாம் தெரியவந்தது 2023 டிசம்பர் முதல் வாரத்தில். மிக்ஜாம் புயல் மழை கொட்டிக்கொண்டிருந்த இரவில், பெருங்களத்தூர் - நெடுங்குன்றம் சாலையை ஒரு முதலை நிதானமாகக் கடந்து புதருக்குள் போனது. காரிலிருந்து யாரோ எடுத்த அந்தக் காணொளி விடிவதற்குள் நாடு முழுக்கப் பரவிவிட்டது. சென்னையின் சில நீர்நிலைகளில் சதுப்புநில முதலைகள் இருக்கின்றன, அவை கூச்ச சுபாவம் கொண்டவை, ஏரி நிரம்பி வழிந்ததால் வெளியே வந்திருக்கிறது, பதற வேண்டாம் என்று வனத்துறையின் செயலாளராக இருந்த சுப்ரியா சாஹு அன்றே விளக்கம் தந்தார். இருந்தும் உயிரியல் பூங்காவிலிருந்து தப்பிவிட்டதாம் என்ற பேச்சு நிற்கவில்லை. 2015 வெள்ளத்திலும் இப்படித்தான். வடநெம்மேலி முதலைப் பண்ணையிலிருந்து 40 முதலைகள் தப்பி ஊருக்குள் வந்துவிட்டதாக வாட்ஸப்பில் வதந்தி ஓடியது. பண்ணைக்காரர்கள் அப்படி ஒன்றுமில்லை என்று மறுத்துச் சொல்லியே களைத்துப்போனார்கள்.

இந்த வதந்திகளுக்குள் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது: விலங்குக்கென்று ஓர் இடம் இருக்கிறது, அது பூங்கா அல்லது காடு, அதற்கு வெளியே தென்பட்டால் அது தப்பி வந்தது. இந்த எண்ணம்தான் உயிரியலாளரின் வேலையைக் கடினமாக்குகிறது. சதுப்புநில முதலை ஏரிக்கரை மண்ணைக் குடைந்து வளை போட்டு அதற்குள் வெயிலையும் வறட்சியையும் கழிக்கும். நீர் வற்றினால் தரைவழியே நடந்து அடுத்த நீர்நிலைக்குப் போகும். கோடையில் கரைமேட்டில் குழி பறித்து முட்டையிட்டு, மழைக்கு முன் குஞ்சு பொரிக்கும். மூன்றுக்கும் வேண்டியது மண் கரை. ஏரியை அழகுபடுத்துகிறோம் என்று சுற்றிலும் கான்கிரீட் சுவரும் நடைபாதையும் போடும்போது அந்தக் கரை போய்விடுகிறது. கரையில் இடம் இல்லாத முதலை சாலையில்தான் நடக்கும். என் கணிப்பில், அடுத்த காணொளிக்கான காட்சியை நாமே கட்டிக்கொண்டிருக்கிறோம்.

முதலையையும் பிடித்துக்கொண்டு போய்விடலாமே என்றால், கொண்டுபோய் எங்கே விடுவது? 1976இல் ராமுலஸ் விட்டேக்கரும் ஜாய் விட்டேக்கரும் வடநெம்மேலியில் முதலைப் பண்ணையைத் தொடங்கியபோது இந்திய முதலைகள் அழிவின் விளிம்பில் இருந்தன. சில முதலைகளோடு தொடங்கிய இனப்பெருக்கம் ஆயிரக்கணக்கில் பெருகியது. விடுவதற்குக் காட்டில் இடம் போதாமல் 1994இல் மத்திய அரசே அடைப்பு இனப்பெருக்கத்தை நிறுத்தச் சொன்னது. தொலைவில் விட்டாலும் தங்குமா என்பது வேறு கேள்வி. ஆஸ்திரேலியாவின் கேப் யார்க் தீபகற்பத்தில் உவர்நீர் முதலைகளை ஹெலிகாப்டரில் தூக்கிப்போய் விட்டு, செயற்கைக்கோள் கருவியால் பின்தொடர்ந்தார்கள். அவற்றில் ஒன்று மூன்று மாதம் பேசாமல் இருந்துவிட்டு, பிறகு இருபதே நாளில் 400 கிலோமீட்டருக்கு மேல் கடலோரமாகச் சுற்றி நீந்தி, பிடித்த இடத்துக்கே திரும்பி வந்தது. 2007இல் வெளிவந்த செய்தி இது.

நாட்டுக்குரங்குக்கும் இதே கதைதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இது தென்னிந்தியாவில் மட்டுமே வாழும் இனம். பெண் குரங்கு பிறந்த கூட்டத்தைவிட்டு வாழ்நாள் முழுக்கப் பிரிவதில்லை. தண்ணீர்த் தொட்டியைத் திறக்கிறது, துணியைக் கிழிக்கிறது என்று கூண்டு வைத்து நாலைந்தைப் பிடித்து மலையடிவாரத்தில் விடுவது அந்தக் கூட்டத்தைச் சிதைக்கிறது. குப்பைத்தொட்டி திறந்து கிடக்கும் வரை, கோயில் வாசலில் வாழைப்பழம் நீட்டும் வரை, அடுத்த கூட்டம் வந்துகொண்டேதான் இருக்கும்.

இங்கே நான் வால்பாறையைச் சொல்லியாக வேண்டும். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே யானைகள் வந்துபோகும் அந்தப் பீடபூமியில், இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையைச் சேர்ந்த உயிரியலாளர் எம். ஆனந்தகுமார் பல ஆண்டுகள் யானைகளின் பின்னால் நடந்தார். ஒவ்வொரு மரணமும் எங்கே, எத்தனை மணிக்கு, எப்படி நடந்தது என்று எழுதி வைத்தார். பெரும்பாலானோர் யானை அங்கே நிற்பது தெரியாமலேயே நேருக்கு நேர் போய் மாட்டிக்கொண்டவர்கள். அப்படியானால் யானையைத் துரத்துவதைவிட, யானை எங்கே நிற்கிறது என்பதை மாலைக்குள் மக்களுக்குச் சொல்லிவிடுவது மேல். உள்ளூர் கேபிள் டிவியில் ஓடும் வரிகளாகச் சொன்னார்கள். பிறகு செல்போனில் குறுஞ்செய்தி. பிறகு முக்குகளில் தொலைபேசி அழைப்பால் எரியும் சிவப்பு விளக்குகள். பேருந்தைவிட்டு இறங்கும் தோட்டத் தொழிலாளி விளக்கைப் பார்த்து நின்றுவிடுவார். 2015இல் இந்தப் பணிக்காக அவருக்கு விட்லி விருது கிடைத்தது. யானையைத் தொடாமலே மனித உயிரைக் காத்த வேலை இது. இதற்கு முதலீடு துப்பாக்கியோ கூண்டோ இல்லை. ஒரு நோட்டுப் புத்தகமும் பல வருடப் பொறுமையும்.

கூடுவாஞ்சேரிக்கு அந்த நோட்டுப் புத்தகம் இல்லை. எந்தத் தெருவில், எந்த மாதத்தில், எந்தப் பாம்பு வந்தது என்ற பதிவு தீயணைப்பு நிலையத்திலும் பாம்பு பிடிப்பவர்களின் செல்போன்களிலும் சிதறிக் கிடக்கிறது. அதைச் சேர்த்து வரைபடத்தில் புள்ளி வைத்தால் ஊருக்குப் பயன்படும் செய்தி கிடைக்கும். கண்ணாடி விரியன் முட்டையிடாமல் குட்டி போடும். கோடை முடியும் மாதங்களில் ஒரே ஈற்றில் முப்பது நாற்பது குட்டிகள்கூட வரும். கட்டு விரியன் மழைக்காலத்து இரவுகளில் வீட்டுக்குள் நுழையும். இவை இரண்டையும் சமாளிக்கும் வழி ஒன்றல்ல. முன்னதற்குக் காலில் செருப்பும் கையில் டார்ச்சும் வேண்டும். பின்னதற்குக் கட்டிலும் கொசுவலையும் வேண்டும். நேபாளத்தின் தராய் சமவெளியில் 2007இல் வெளியான ஆய்வு, கொசுவலைக்குள் படுத்தவர்களுக்குப் பாம்புக்கடி குறைவு என்று காட்டியது. பாய்க்கு அடியில் விளிம்பை நன்றாகச் செருகிய வலை கொசுவையும் தடுக்கும், கட்டு விரியனையும் தடுக்கும்.

கட்டு விரியனைப் பற்றி இன்னும் ஒன்று. அது கடித்தால் வலி இருக்காது, தடமும் சரியாகத் தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுந்திருப்பார்கள். கண்ணிமை தொங்கத் தொடங்கும், நாக்குக் குழறும். அப்போதும் பித்தம், வாயு என்று கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தால் மூச்சுத் தசை செயலிழந்துவிடும். கண்ணாடி விரியன் நேர்மாறு. கடிவாய் வீங்கும், இரத்தம் உறையாது. அதைக் கண்டுபிடிக்க உலகெங்கும் செய்யும் சோதனை வியப்பூட்டும் அளவுக்கு எளிமையானது. நோயாளியின் இரத்தம் 2 மில்லிலிட்டர் எடுத்துச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் ஊற்றி, ஆட்டாமல் அசைக்காமல் இருபது நிமிடம் வைக்கிறார்கள். பிளாஸ்டிக் குழாய் கூடாது, கண்ணாடியே வேண்டும். இருபதாவது நிமிடம் ஒரே ஒருமுறை சாய்த்துப் பார்க்கிறார்கள். கட்டியாக நின்றால் நல்லது. தண்ணீராக ஓடினால் உடனே நஞ்சுமுறி மருந்து ஏற்ற வேண்டும். அந்த இருபது நிமிடத்தை மந்திரிப்பதிலும் கயிறு கட்டுவதிலும் செலவழிக்காமல் 108ஐ அழைத்துச் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ போய்ச் சேர்ந்தவர் பிழைக்கிறார். 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. இனி ஒவ்வொரு கடியும் கணக்கில் வந்தாக வேண்டும். நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கம் அப்படியாவது திறந்திருக்கிறது.

அந்த நஞ்சுமுறி மருந்தின் வேரும் இந்தச் செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் இருக்கிறது என்பது கூடுவாஞ்சேரிக்காரர்கள் பலருக்குத் தெரியாது. விட்டேக்கர் தன் பாம்புப் பண்ணையைக் கிண்டிக்குக் கொண்டுபோகும் முன் தாம்பரத்தை அடுத்த சேலையூரில்தான் வைத்திருந்தார். அவருக்குப் பாம்பைக் கற்றுக்கொடுத்தவர்கள் இருளர் பழங்குடியினர். பாம்புத் தோலுக்காகப் பிடித்துப் பிழைத்த அவர்களுடைய வாழ்வாதாரம், 1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் அதன்பின் வந்த தோல் ஏற்றுமதித் தடையும் வந்ததும் அறுந்துபோனது. 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் உருவானது. வனத்துறை உரிமத்தோடு நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் பிடித்து வருகிறார்கள். வாயில் துணி கட்டிய மண்பானைகளில் வைக்கிறார்கள். வாரம் ஒரு முறை வீதம் நான்கு முறை நஞ்சு எடுத்துவிட்டு, மறுபடி அதே பாம்பு வந்தால் அடையாளம் தெரிய வயிற்றுச் செதிலில் சிறு வெட்டுப் போட்டு விட்டுவிடுகிறார்கள். இந்திய நஞ்சுமுறி மருந்து பல்லாண்டுகளாக இந்த நஞ்சை நம்பியே உருவாகி வருகிறது. அதிலும் ஒரு சிக்கல் உண்டு: ஒரே இனப் பாம்பின் நஞ்சு ஊருக்கு ஊர் மாறுகிறது, இங்கே எடுத்த நஞ்சிலிருந்து செய்த மருந்து வட இந்தியாவில் அதே அளவு வேலை செய்வதில்லை என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். நம் ஊர்க்காரர்களைப் பொறுத்தவரை மருந்து நம் பாம்புக்குப் பொருந்துகிறது. அது இருளர்கள் தந்த கொடை.

இருளர் ஒருவர் நிலத்தைப் படிப்பதை அருகிலிருந்து பார்க்க வேண்டும். வளையின் வாயில் சிலந்தி வலை இருந்தால் குனிந்து பார்க்காமலே தாண்டிப் போவார். அதில் யாரும் குடியில்லை. மண் வழவழப்பாகத் தேய்ந்திருந்தால் நிற்பார். புல் படிந்திருக்கும் திசை, உரித்த சட்டையின் துண்டு, காய்ந்த எச்சம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, உள்ளே இருப்பது என்ன என்று முடிவுசெய்த பிறகுதான் கடப்பாரை மண்ணில் இறங்கும். 2017இல் இந்த மாவட்டத்தைச் சேர்ந்த மாசி சடையனும் வடிவேல் கோபாலும் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அழைக்கப்பட்டார்கள். அங்கே பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளை அந்த நாட்டு நிபுணர்களால் தேடிப் பிடிக்க முடியவில்லை. இவர்கள் முதல் எட்டு நாளில் 13ஐப் பிடித்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. புளோரிடாக்காரர்களுக்குத் தேவைப்பட்ட அறிவு நம்முடைய நகராட்சிகளுக்குத் தேவைப்படவில்லை என்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. இருளர்களுக்குப் பாம்பு மட்டுமா தெரியும்? எலியும் தெரியும். வளையின் ஒரு வாயை விட்டு மற்றவற்றை அடைத்து, சட்டியில் வைக்கோல் புகை போட்டு ஊதி எலி பிடிப்பது அவர்கள் தலைமுறைத் தொழில். செங்கல்பட்டை அடுத்த தண்டரையில் 1986இல் இருளர் பெண்கள் தங்களுக்கென ஒரு நலச் சங்கமே அமைத்தார்கள். எலியைக் குறைத்தால் பாம்பு குறையும் என்று தெரிந்த நாம், எலி பிடிக்கத் தெரிந்தவர்களை மாதச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்வதில் என்ன தடை?

நந்திவரம் - கூடுவாஞ்சேரி 2021இல் நகராட்சியானது. அதே ஆண்டில் தாம்பரம் மாநகராட்சியானது. இவற்றில் பொறியாளர் உண்டு, நகரமைப்பு ஆய்வாளர் உண்டு, துப்புரவு ஆய்வாளர் உண்டு. உயிரியலாளர் என்று ஒரு நாற்காலி கிடையாது. தமிழ்நாடு வனத்துறையின் உயர்நிலை வன உயிரினப் பாதுகாப்பு நிறுவனம் பக்கத்து வண்டலூரிலேயே இருக்கிறது. ஏரியைத் தூர்வாரும்போது எந்தக் கரையை மண்ணாகவே விட வேண்டும், காலி மனையின் முள்ளை எந்த மாதத்தில் வெட்டினால் பாம்பு வீட்டுப் பக்கம் ஓடாது, பிடித்த பாம்பை எத்தனை நூறு மீட்டருக்குள் விட வேண்டும் என்று சொல்ல ஒருவர் வேண்டும். அவர் அருகில் சம்பளம் வாங்கும் இருளர் இருவர் வேண்டும். ஒரு மழைநீர் வடிகாலுக்கு ஒதுக்கும் பணத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய செலவே இல்லை.

அதுவரை ஒரு வேண்டுகோள். அடுத்த மழையில் உங்கள் வீட்டில் பாம்பு பிடிக்க வருபவரிடம், இதை எங்கே விடப்போகிறீர்கள் என்று கேளுங்கள். பக்கத்து ஏரிக்கரையில்தான் என்று அவர் சொன்னால், சண்டைக்குப் போகாமல் அனுப்பிவையுங்கள்.